குட்டைக் கைக்குத்தான் வரும்

தெற்குச் சீமையில் ஒரு ஊர். அந்த ஊர்க் கடைத்தெருவில் முன்பு ஒரு கடை இருந்தது. அங்கே சேலை கிடைக்காது, வேட்டி கிடைக்காது, ஒரு கைக்குட்டை கூடக் கிடைக்காது. ரவிக்கைத் துணி மட்டும்தான். பெண்கள் சேலையைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதற்குத் தோதான துணியைத் தேடி, வெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். மேட்சிங் கடை என்று சொன்னால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். கடைக்காரர் பெயர் ஆவுடையப்பன். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

கடையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் நிறங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை மூன்றும் பங்காளிகள். ஒரே தட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. அரக்குக்கு முகூர்த்த காலத்தில் கிராக்கி அதிகம் என்பதால் சாதாரண நாட்களில் வாயைத் திறக்காது. வாடாமல்லி ஓயாமல் பேசும். வெங்காயச் சருகு நிறத்தை யாராவது ஏறிட்டுப் பார்த்தாலே அதற்கு மனசு புண்பட்டுவிடும்.

இவர்களுக்கு நடுவில், மேல்தட்டில், கனகாம்பரம் இருந்தது. ஆரஞ்சு என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது. அந்தப் பூவின் நிறம் எதுவோ அதே நிறம். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் கும்மி அடிக்கப் போகும் பிள்ளைகளுக்காக அதன் பெரும்பகுதியை ஏற்கெனவே வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு ரவிக்கைத் துண்டு. அட்டையில் சுற்றிய அந்தத் துண்டு, கொழுத்த சுருள்களுக்கு இடையில் நெருக்கப்பட்டு, நிமிர்ந்து நிற்பதற்கே படாதபாடு பட்டது.

அதன் ஆசை பெரிதில்லை. ஏதாவது ஒரு சேலையோடு ஒரே ஒரு கல்யாணத்துக்காவது போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசைக்கும் கெடு வைத்தாகிவிட்டது. ஆடி மாதம் முடியப்போகிறது. ஆவணி முகூர்த்தத்துக்குப் புதுச் சரக்கு வருவதற்குள், விலைபோகாத துண்டுகளையெல்லாம் அண்ணாச்சி ஒரு பிரப்பங்கூடையில் அள்ளிப் போட்டு வாசல்படியில் வைத்துவிடுவார். கூடைக்குப் போன துணி ரவிக்கை ஆனதாகச் சரித்திரம் இல்லை. தலையணை உறைக்கு ஒட்டுப் போட வாங்குவார்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக வாங்குவார்கள். பிடிதுணி என்ற சொல்லைக் கேட்டாலே கனகாம்பரம் அட்டையோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்.

அதற்குக் கீழ்த்தட்டில் சந்தனம் இருந்தது. கடையிலேயே வேகமாக விற்கும் நிறம் அதுதான். வாரத்துக்கு ஒரு சுருள் தீரும். மறுநாளே புதுச் சுருள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து புத்திமதியைத் தொடரும்.

"உனக்குப் பதவிசு போதாது" என்றது சந்தனம். "என்னைப் பார். எந்தச் சேலை வந்தாலும் ஒத்துப்போகிறேன். பச்சையா, சரி. நீலமா, சரி. என்னை எடுத்தவர்கள் வருத்தப்பட்டதே இல்லை."

"சந்தோஷப்பட்டிருக்கிறார்களா?" என்று கேட்டது கனகாம்பரம்.

"அந்த வம்பெல்லாம் எனக்கு எதற்கு? உடுத்தியவளை யாரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை."

"நல்லாயிருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்களே."

"நல்லாயிருக்கிறது என்று சொல்கிற வாய்தான் நாளைக்கு நல்லாயில்லை என்றும் சொல்லும்" என்றது சந்தனம். "கண்ணை உறுத்தாமல் இருந்து பழகு. இனிமேல் பழகி என்ன செய்ய, கூடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது."

வாடாமல்லி சத்தம் போட்டுச் சிரித்தது. சந்தனம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் கனகாம்பரத்துக்கு வருத்தமாக இருந்தது.

அன்று காலை இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் கோமதி. சந்தன நிறத்தில் முழங்கை வரை இறங்கிய ரவிக்கை போட்டிருந்தாள். பின்னால் வந்தவள் பொன்மாரி. கோமதியின் தம்பி மனைவி அவள். பால்வாடியில் டீச்சர். அவளுடைய ரவிக்கையும் முழங்கை வரைக்கும் இருந்தது, பிஸ்கட் நிறத்தில்.

"வாங்க, வாங்க. யாருக்குக் கல்யாணம்?" என்றார் அண்ணாச்சி.

"இவ தம்பிக்கு" என்றாள் கோமதி. "ஆவணி முதல் முகூர்த்தம். இவதான நாத்தனார் முடிச்சுப் போடணும். மேடையில அத்தனை பேர் கண்ணும் இவ மேலதான் இருக்கும். வீடியோ வேற எடுக்காங்க. அதுக்குத் தக்கன பாத்துக் குடுங்க அண்ணாச்சி."

பொன்மாரி பையிலிருந்து சேலையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தாள். சுவர் முழுக்க இருந்த நிறங்கள் எல்லாம் குனிந்து பார்த்தன. மயில்கழுத்துப் பட்டு. ஓரத்தில் ஒல்லியாக ஒரு சரிகைக் கரை. ரவிக்கைத் துணி சேராமல் நெய்த சேலை அது. ஆகவே அதற்கு இணையை இந்தச் சுவரில்தான் தேடியாக வேண்டும்.

"சேலை யார் எடுத்தது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நான்தான்" என்றாள் பொன்மாரி.

"தனியாப் போயி எடுத்துட்டு வந்திருக்கா" என்றாள் கோமதி. "நான் கூடப் போயிருந்தா இதை எடுக்க விட்டிருக்க மாட்டேன். சரி, எடுத்தாச்சு. மேல சட்டையாவது அடக்கமா இருக்கட்டும்."

கோமதி கெட்டவள் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொன்மாரிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். பிஸ்கட் நிறம், சாம்பல், சந்தனம், மறுபடி சந்தனம். பொன்மாரியை ஒரு வார்த்தை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு அக்கறை.

மேசைமேல் கிடந்த சேலை சுவரை ஒரு சுற்றுப் பார்த்தது.

"எனக்கு இணை என்று எவனும் முன்னால் வர வேண்டாம்" என்றது. "என் நிறத்திலேயே ஒரு துணி இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். அச்சு அசலாக இருக்க வேண்டும். ஒரு நூல் கூடக் குறையக் கூடாது."

கோமதியும் அதே நேரத்தில், "இதே கலர்லயே இருந்தா எடுங்க அண்ணாச்சி. துருத்திக்கிட்டுத் தெரியாது" என்றாள்.

மேல்தட்டில், கனகாம்பரத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது மயில்கழுத்துச் சுருள். அண்ணாச்சி முக்காலிமேல் ஏறி அதை வெடுக்கென்று உருவினார். அது வந்த வேகத்தில், ஒட்டிக்கொண்டிருந்த கனகாம்பரமும் சரிந்து தரையில் விழுந்தது.

அண்ணாச்சி குனிந்து எடுத்தார். "இது இன்னுமா இங்க கெடக்கு!" என்றார். அட்டையை உருவினார். துணியை உதறிக்கூடப் பார்க்காமல் வாசல்படியில் இருந்த பிரப்பங்கூடைக்குள் எறிந்தார். அங்கே சாயம் மங்கிய ரவிக்கைத் துண்டும் ஓரம் கிழிந்த லைனிங் துணியும் ஏற்கெனவே கிடந்தன.

அவ்வளவுதான், முடிந்தது. கனகாம்பரம் அழக்கூட இல்லை. இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த இடத்துக்கு இவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்துவிட்டோமே என்று திகைத்துப்போய்க் கிடந்தது.

உள்ளே மேசைமேல் சுருளையும் சேலையையும் ஒட்ட வைத்துப் பார்த்தார்கள். மேலே தொங்கிய டியூப்லைட் தொண்டையைச் செருமிக்கொண்டது. அந்தக் கடையில் நிறங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிற நீதிபதி தான்தான் என்று அதற்கு எண்ணம்.

"இரண்டும் ஒன்றே" என்றது டியூப்லைட். "வித்தியாசம் துளியும் இல்லை. அடுத்தவர் வரலாம்."

"ஒட்டிப் பொறந்த மாதிரியில்ல இருக்கு!" என்றாள் கோமதி.

சேலைக்கும் சுருளுக்கும் தலைகால் புரியவில்லை. "தம்பி!" என்றது சேலை. "அண்ணா!" என்றது சுருள். கத்தரிக்கோல் மேசை ஓரத்தில் கிடந்தபடியே, "பேசி முடித்தாகிவிட்டதா? நான் வாய் திறந்தேனென்றால் பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றது.

அப்போது பொன்மாரி, அந்தக் கடைக்கு வருகிற எல்லாப் பெண்களும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தாள். "வெளிச்சத்துல பாத்துட்டு வாறேன் அண்ணாச்சி" என்று சேலையையும் சுருளையும் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு வந்தாள்.

வெயில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. அது யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் வந்து மடியில் விழுந்தாலும் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதைத்தான் நிறங்களால் தாங்க முடியாது.

சுருள் வெயில் பட்டதும் வெளுத்துப்போன நீலமாக ஆகிவிட்டது. மயிலும் இல்லை, கழுத்தும் இல்லை. பக்கத்தில் சேலையோ ஒரு மடிப்பில் பச்சையாகவும், திருப்பிப் பிடித்தால் நீலமாகவும் ஓடியது. சற்றுமுன் அண்ணன் தம்பியாக இருந்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"இது என்ன கூத்து! நான் பச்சையா, நீலமா?" என்று கத்தியது சேலை.

அதன் உள்ளிருந்து இரண்டு குரல்கள் வந்தன. "நான் பாவு, நீளவாக்கில் ஓடுகிற நூல். நான் நீலம்" என்றது ஒன்று.

"நான் ஊடை, குறுக்கே ஓடுகிற நூல். பச்சை" என்றது இன்னொன்று. "தறியில் ஏறிய நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி இறங்கித்தான் உன்னை உண்டாக்கியிருக்கிறோம். உனக்கு இதுவரை தெரியாதா?"

"எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

"நீ யாரைக் கேட்டாய்?" என்றது பாவு.

கூடைக்குள் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கனகாம்பரத்துக்கு, தன் நிலைமையையும் மறந்து சிரிப்பு வந்துவிட்டது.

"இது சரிப்படாது மதினி" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள் பொன்மாரி. "வெளிய வந்தா நிறம் வேறயா இருக்கு."

"நான்தான் அப்பவே நெனச்சேன்" என்றாள் கோமதி. அவள் அப்படி ஒன்றும் நினைத்திருக்கவில்லை. "சந்தனத்தை வெட்டச் சொல்லுதேன். எதுக்கும் ஆகும். முழங்கை வரைக்கும் வர்ற மாதிரி வெட்டுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி சந்தனத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அளவுகோலை வைத்து ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு அடையாளம் செய்துகொண்டார். கத்தரிக்கோல் எழுந்து நின்றது. சந்தனம், "நான் சொன்னேன் இல்லையா?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வெட்டுப்படத் தயாராகப் படுத்துக்கொண்டது.

வாசல்படியில் பொன்மாரி சேலையை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பதற்கு முந்தியை எங்கேயாவது தாங்கலாக விட வேண்டுமே, பக்கத்திலிருந்த கூடையின்மேல் விட்டாள். மயில்கழுத்துப் பட்டு கனகாம்பரத் துண்டின்மேல் வந்து விழுந்தது. வெயில் இரண்டின்மேலும் ஒன்றாக விழுந்தது.

பொன்மாரி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"யார் அது?" என்றது சேலை.

"ஒன்றும் இல்லை. கூடையில் கிடக்கிற துண்டு" என்றது கனகாம்பரம். இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"கொஞ்சம் நகராமல் இரு." சேலை தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டது. "நீ பக்கத்தில் வந்ததும் என் பச்சை தெளிவாகத் தெரிகிறது. நீலமும் தெரிகிறது. அந்தத் தம்பி பக்கத்தில் இருந்தபோது இரண்டும் மங்கிப் போயிருந்தன. நீ என் நிறம் இல்லையே, பிறகு எப்படி?"

"எனக்கும் தெரியவில்லை" என்றது கனகாம்பரம். "என்னை நானே இவ்வளவு நன்றாக இதுவரை பார்த்ததில்லை."

பொன்மாரி கூடையில் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தாள். உதறினாள். பிறகு, துணி எடுக்கிற எந்தப் பெண்ணும் கடைசியாகச் செய்வதைச் செய்தாள். தன் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, துண்டைக் கைமேல் போட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் கனகாம்பரம் அந்தக் கையைச் சந்தித்தது. நல்ல கறுப்பு. வெயில் பட்ட இடத்தில் மினுமினுப்பாக இருந்தது. கடையில் எத்தனையோ நிறங்களோடு பழகியிருந்தும் இப்படி ஒரு நிறத்தைக் கனகாம்பரம் எந்தத் தட்டிலும் பார்த்ததில்லை.

"நீ எந்தச் சுருள்?" என்று கேட்டது.

"நான் துணி இல்லை" என்றது கை. "நான் இவள் கை."

"அப்படியானால் நீதான் சொல்ல வேண்டும். நான் உனக்குப் பொருந்துகிறேனா?"

"என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றது கை. "சேலைக்குச் சட்டை பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். சட்டைக்கு வளையல் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். என்னை மட்டும் எதற்குள் போட்டு மூடலாம் என்று பார்ப்பார்கள். போட்டோ எடுக்கிறபோது எங்களை ஓரமாக நிற்கச் சொல்வார்கள், வெளிச்சம் பத்தவில்லை என்று. வெளிச்சம் எல்லாருக்கும் ஒன்றாகத்தானே விழுகிறது?"

அது வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷனில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னது. கனகாம்பரத்துக்குத்தான் தாங்கவில்லை. தன் கூடைக்கதையை இனி யாரிடமும் பெரிதாகச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டது.

கோமதி வாசலுக்கு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏ பொன்மாரி, என்னத்தை எடுத்து மேல போட்டுக்கிட்டு நிக்க?"

"கனகாம்பரக் கலரு மதினி. சேலைக்கு எப்படி எடுக்கு பாருங்க."

"சேலைக்கு எடுக்கும். உன் நிறத்துக்கு எடுக்குமா? கண்ணைக் குத்துது. மேடையில நீ இன்னும் கறுத்துத் தெரிவ."

பொன்மாரி தன் கையைப் பார்த்தாள். துண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இவள் இப்போது வழக்கம்போல் "சரி மதினி" என்று சொல்வாள். துண்டைச் சுருட்டிக் கூடையில் போடுவாள். உள்ளே கத்தரிக்கோல் வாய் திறக்கும்.

"கறுப்புதான மதினி" என்றாள் பொன்மாரி. "தெரிஞ்சா தெரியட்டுமே."

கோமதி பின்னால் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இந்தப் பூவைக் கறுத்த முடியிலதான வைக்கோம்?" என்றாள் பொன்மாரி மறுபடி. குரலில் கோபம் இல்லை. "முடிக்கு எடுக்காதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லையே. கைக்கு மட்டும் ஏன் எடுக்காது?"

அரக்கு இருமிக்கொண்டது. டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.

பொன்மாரி துண்டை உள்ளே கொண்டுபோனாள். "அண்ணாச்சி, இதைத் தாங்க."

அண்ணாச்சி துண்டை அளந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "துணி பத்தாதும்மா. முழங்கை வரைக்கும் வராது. குட்டைக் கைக்குத்தான் வரும். கூடையில கெடந்தது வேற, நல்ல காரியத்துக்குப் போயி..."

கனகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டது. கும்மிப் பிள்ளைகளுக்காகத் தன்னை வெட்டிய நாளை நினைத்துக்கொண்டது. இன்னும் ஒரு சாண் விட்டு வைத்திருக்கக் கூடாதா?

"குட்டைக் கையா!" என்றாள் கோமதி. "கேட்டியா பொன்மாரி? கை பூரா வெளிய தெரியும்."

"குட்டைக் கையே தைக்கச் சொல்லிக்கிடுதேன் மதினி. மண்டபத்துல புழுக்கமாத்தான இருக்கும்."

"இப்பமே சந்தனத்துக்கு வெட்டுப் போட்டாச்சே" என்றார் அண்ணாச்சி.

கோமதி மேசையைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமா, வேறு ஏதாவதா என்று முகத்தில் தெரியவில்லை. பொன்மாரியின் கைமேல் கிடந்த துண்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு, தன்னையறியாமல் தன் முந்தானையை இழுத்துத் தன் கையை மூடிக்கொண்டாள். மூடுவதற்குமுன் கனகாம்பரம் அதைப் பார்த்துவிட்டது. முழங்கை வரை இறங்கிய சந்தன ரவிக்கைக்குக் கீழே தெரிந்த அந்தக் கை, பொன்மாரியின் கையைவிட ஒரு படி கறுப்பு.

"வெட்டுப் போட்டது வீணாப் போக வேண்டாம்" என்றாள் கோமதி. "எனக்கே வெட்டிருங்க. முழங்கை வரைக்கும்."

கத்தரிக்கோல் வாய் திறந்தது. சந்தனம் ஒரு முனகல் கூட இல்லாமல் இரண்டாயிற்று.

ஆவணி வந்தது. கல்யாண மண்டபத்தில் நாதசுரமும் மேளமும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. பொன்மாரியின் தம்பி மணமேடையில் குனிந்து தாலியை எடுத்தான். பொன்மாரி பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். மயில்கழுத்துச் சேலை, கனகாம்பரத்தில் குட்டைக் கை ரவிக்கை. அதற்குக் கீழே இரண்டு கைகளும் முழுசாக வெளியே இருந்தன. தம்பி முதல் முடிச்சைப் போட்டதும், மிச்ச முடிச்சுகளைப் போட அவள் கைகளை முன்னால் நீட்டினாள்.

"அக்கா, கையை எடுக்காதீங்க! அப்படியே இருங்க!" என்று கத்தினார் போட்டோக்காரர். "சூப்பரா இருக்கு! இன்னும் ஒண்ணு!"

முன்வரிசையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளையோட அக்காவா? என்ன லட்சணமா இருக்கா!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "சட்டை எங்க எடுத்தாளாம், கேளு" என்றாள்.

கனகாம்பரத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. "கேட்டாயா? என்னைத்தான் விசாரிக்கிறார்கள்" என்றது சேலையிடம்.

"லட்சணம் என்று சொன்னது என்னைப் பார்த்து" என்றது சேலை. "பட்டு இல்லாமல் லட்சணம் எங்கிருந்து வரும்?"

"நான் வருவதற்குமுன் உனக்கு உன் நிறமே தெரியாது."

"நான் உன்மேல் விழாதிருந்தால் நீ இந்நேரம் யார் வீட்டிலோ குழம்புச் சட்டி இறக்கிக்கொண்டிருப்பாய்."

"பாவைக் கேள், ஊடையைக் கேள், யாரால் யார் தெரிந்தார்கள் என்று!"

"எங்களை இழுக்காதீர்கள்" என்றன பாவும் ஊடையும்.

சண்டை முற்றியது. கடைசியில், "கையைக் கேட்போம்" என்று இரண்டும் கையிடம் திரும்பின. "நீ சொல். எல்லாரும் யாரைப் பார்த்தார்கள்?"

கை கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தது. முடித்த பிறகு விரல்களைத் தளர்த்திக்கொண்டு சொன்னது:

"சாயங்காலம் உங்கள் இரண்டு பேரையும் அவிழ்த்துக் காற்றாடப் போட்டு, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகும் நான் இந்த நிறத்தில்தான் இருப்பேன். எனக்கு உங்கள்மேல் குறை ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் என்னை மூடுவதற்குத் துணி எடுத்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்துத் துணி எடுத்தார்கள். எனக்கு அது போதும்."

கனகாம்பரத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், வெட்கத்தைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது. யாரோடு போகிறோம் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

கோமதி மேடையில் ஏறி வந்து, அட்சதைத் தட்டைப் பிடித்தபடி பொன்மாரியின் பக்கத்தில் நின்றாள். புதுச் சந்தன ரவிக்கை முழங்கை வரை இறங்கியிருந்தது. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. கூட்டத்தின் நெரிசலில் அவள் கை பொன்மாரியின் கைமேல் லேசாக உரசியது.

அந்தச் சந்தன நிறத் துணிக்குள் இருந்து, மெல்ல, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் அந்தக் கை கேட்டது:

"வெளியே வெளிச்சம் எப்படி இருக்கிறது?"